வியாழக்கிழமை செத்த மாப்பிள்ளை

திண்டுக்கல்,
20-6-1988, திங்கட்கிழமை.

அன்பும் பொறுப்பும் உள்ள மைத்துனன் இருளப்பனுக்கு, உன் அக்காள் புருஷன், ஓய்வுபெற்ற பஸ் டைம்கீப்பர் கருப்பணன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும், உன் அக்காள் அங்காளம்மாளும், உன் மருமகள் அறிவுச்செல்வியும் ஆண்டவன் புண்ணியத்தில் நலம். அவளுக்கு நிச்சயம் செய்திருக்கும் மாப்பிள்ளை சோலைராஜும் உயிரோடு நலமாக இருக்கிறார். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது என்று உன் அக்காள் சொல்கிறாள். யாராவது உனக்குத் தந்தி கொடுத்திருந்தால் அதை நம்ப வேண்டாம். துக்கத்துக்கு என்று லீவு எழுதிக் கொடுத்திருந்தால் உடனே ரத்து செய்துவிடவும். உன் வீட்டில் அனைவரின் சுகத்துக்கும் பதில் போடவும்.

நிற்க. வருகிற ஆனி 23ஆம் தேதி வியாழக்கிழமை நடக்க இருக்கும் கல்யாணம் நடக்க வேண்டாம் என்று நான் முடிவு செய்திருக்கிறேன். நீ கொண்டுவந்த சம்பந்தம், ஆகவே நீயே மெட்ராஸிலிருந்து கீரனூருக்குப் போய் மாப்பிள்ளை வீட்டாரிடம் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டியது. காரணம் கேட்பார்கள். கேட்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு.

முதல் தப்பு உன்னுடையது. "பையன் டிவியில் இருக்கிறான்" என்று நீ தை மாதம் எழுதினாய். டிப்போவில் இருக்கிறான் என்றால் டிப்போ உத்தியோகஸ்தன். தாலுகா ஆபீசில் இருக்கிறான் என்றால் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. டிவியில் இருக்கிறான் என்றால் மத்திய சர்க்கார், நிரந்தரம், பென்ஷன் என்றுதானே நான் எடுத்துக்கொள்வேன்? பெட்டிக்குள்ளே இருக்கிறான் என்று யாருக்குத் தோன்றும்? நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் காதுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ மின்னியது. உன் அக்காள் அதைப் பார்த்துவிட்டு, "காதுக்குப் பின்னாடிகூட திருநீறு பூசியிருக்கு புள்ள, என்னா பக்தி" என்று கண் கலங்கினாள். அது திருநீறு இல்லை, வெள்ளிப் பெயின்ட் என்று எங்களுக்குத் தட்டு மாற்றி, வெற்றிலை போடும்போதுதான் தெரிந்தது.

"மாப்பிள்ளைக்கு எந்த செக்ஷன்?" என்று கேட்டேன்.

"விஞ்ஞான நாடகமுங்க மாமா."

"அதுல என்ன பதவி?"

"இப்போதைக்கு ஏழாவது கோள்ல இருந்து வந்தவனுங்க."

வாயில் போட்ட வெற்றிலை அப்படியே நின்றது. தட்டு மாற்றியாகிவிட்டது. எடுத்துவிட்ட வண்டியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பகலில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்க்கிறார். அது சோற்றுக்கு. மற்ற நேரமெல்லாம் ஆகாயம்தான். முதலில் குழந்தைகள் நாடகம் ஒன்றில் எந்திர மனிதனுக்கு உள்ளே இருந்தாராம். தகரப் பெட்டி, தலையில் பல்பு, பதினாறு வாரம், ஒரு ஈ காக்கைக்கும் அவர் முகம் தெரியாது. ஒரு தடவை பல்பு ஒயர் முதுகில் சுட்டும் சத்தம் போடாமல் நின்றிருக்கிறார், எந்திரத்துக்கு வலிக்காது என்பதற்காக. அடுத்த நாடகத்தில் ராக்கெட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்குக் குரல். வாரா வாரம் "எரிபொருள் குறைவு" என்று ஒரே ஒரு வசனம். அந்த ஒரு வசனத்தை வாரத்துக்கு ஒரு விதமாகச் சொன்னாராம், கடைசி வாரம் சொன்னபோது கேமராக்காரர் அழுதுவிட்டாராம். மூன்றாவதுதான் இந்த "ஏழாம் கோளின் விருந்தாளி". இதில் வெள்ளிப் பெயின்டுக்குப் பின்னாலாவது முகம் உண்டு. பெட்டிக்குள் இருந்தவர் குரலானார், குரலாக இருந்தவர் முகமானார். கிளீனர், கண்டக்டர், டிரைவர் என்று படிப்படியாக வருவதைப் போலத்தான். உழைத்து மேலே வந்த ஆள், அதை நான் மறுக்கவில்லை. நான் சொல்ல வந்தது அதுவல்ல.

நான் சொல்ல வந்தது என் நிலைமை. இதற்காகவே ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கி, மொட்டை மாடியில் கொடைக்கானலைப் பார்த்து ஆன்டெனா கட்டினேன். காக்கை உட்கார்ந்தால் மாப்பிள்ளைக்கு நாலு தலை. ஆகவே வியாழக்கிழமை தோறும் ஏழரை மணிக்கு நான் மாடியில் கம்பைப் பிடித்துக்கொண்டு, "தெரியுதா? தெரியுதா?" என்று கத்த, கீழே முற்றத்தில் தெருவே உட்கார்ந்து பார்க்கும். பக்கத்து வீட்டு சர்புன்னிசா குடும்பத்தோடு வந்துவிடுவார். தெருப் பிள்ளைகள் என்னைக் கண்டால் இரண்டு கையையும் தலையில் வைத்து ஆட்டுகின்றன. ஏழாவது கோளில் அதுதான் வணக்கமாம். டிப்போ பக்கம் போனால் பழைய ஆட்களும் அதையே செய்கிறார்கள். பதிலுக்கு நானும் செய்ய வேண்டியிருக்கிறது, மரியாதை என்று ஒன்று உண்டல்லவா? உன் மருமகள் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள், அவள் கதை வேறு. ஏழாவது கோளில் நிற்பதற்குத் தரையே கிடையாது, வெறும் வாயுதான், நீங்கள் எப்படி அங்கே ஓட்டப்பந்தயம் ஓடினீர்கள் என்று அவருக்கு எழுதிக் கேட்டாள். அவர் மூன்று பக்கத்தில் மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதற்கு இவள் ஐந்து பக்கம் பதில். இப்போது போஸ்ட்மேன் எங்கள் வீட்டைத் தாண்டிப் போவதே இல்லை.

இனிதான் விஷயமே. போன வியாழக்கிழமை பத்தாவது வாரம். அன்று பார்த்து என் அக்காள் வெள்ளத்தாய் சிறுமலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள், பந்தலில் கட்ட எத்தனை வாழைத்தார் வேண்டும் என்று கேட்பதற்காக. டிவியை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முதலில் செய்தி ஓடியது. எங்கோ வடக்கே வெள்ளம், வீடெல்லாம் மிதக்கிறது.

"ஏப்பா கருப்பா, இது நெசமா?" என்றாள்.

நான் என்ன சொல்ல? தெருவே உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளையின் கௌரவம் இருக்கிறது. "டிவியில காட்டுறது அம்புட்டும் நெசம்க்கா. சர்க்கார் காட்டுறது. பொய் காட்டுனா சும்மா விடுவாகளா?" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன். தன் வாயே தனக்கு எமன் என்பதை அன்று நான் அறியவில்லை.

அந்த வாரக் கதையில் ஒரு செயற்கைக்கோள் பழுதாகி, ஜனங்கள் குடியிருக்கும் ஊர் மேல் விழ வருகிறது. மாப்பிள்ளை அதைப் பாய்ந்து கட்டிப்பிடித்துக்கொண்டு ஆகாயத்துக்கே போய்விடுகிறார். போகும்போது கீழே பார்த்து, தலையில் இரண்டு கையையும் வைத்து ஒரு வணக்கம். பிறகு ஒரே வெளிச்சம், ஒரே புகை. நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன், திரையில் புகையைத் தவிர ஒன்றுமில்லை. சரியாக அந்த இடத்தில் கரண்ட் போனது. தட்டுத் தடுமாறி இறங்கி, மெழுகுவர்த்தி தேடி, பியூஸைப் பிடுங்கிப் பார்த்து, செத்த நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தால் வெள்ளத்தாயக்காவைக் காணோம். எட்டேகால் சிறுமலை வண்டியைப் பிடிக்கப் போய்விட்டாள் என்றார்கள். "போயிட்டு வாரேன்" என்று ஒரு வார்த்தை யாரிடமும் சொல்லவில்லை. கூடப்பிறந்தவள் சொல்லாமல் போய்விட்டாளே, உபசாரம் ஏதும் குறைந்ததோ என்று எனக்கு வருத்தம். அவள் ஏன் சொல்லவில்லை என்பது மறுநாள் காலையில்தான் புரிந்தது. இழவு வீட்டில் யார் போய்ட்டு வாரேன் என்று சொல்வார்கள்?

வண்டியில் ஏறினவள் கண்டக்டர் மிக்கேல்ராஜிடம் ஒப்பாரியோடு விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். உனக்குத் தெரியாதது இல்லை, நம் பக்கத்தில் துட்டி, அதாவது சாவுச் செய்தி, போனிலும் தந்தியிலும் போவதில்லை, பஸ்ஸில்தான் போகும். அந்த ஏற்பாட்டை ஒழுங்காக நடத்தினவனே நான்தான். எந்த ஊர்த் தகவலை எந்த வண்டியில் கொடுத்தால் விடிவதற்குள் போய்ச் சேரும் என்று கண்டக்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். மிக்கேல்ராஜ் என்னிடம் பாடம் படித்தவன். எங்கள் டைம்கீப்பர் வீட்டுத் துக்கம் என்று ஓடி ஓடி வேலை செய்திருக்கிறான். நத்தம் வண்டிக்கு ஒரு வார்த்தை, பழனி வண்டிக்கு ஒரு வார்த்தை. முப்பத்திரண்டு வருஷத்தில் எந்தச் செய்தியும் இம்புட்டு வேகமாகப் போனதில்லை.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஓய்வு பெற்றாலும் முதல் வண்டி நேரத்துக்குப் போகிறதா என்று பார்க்காவிட்டால் எனக்குக் காப்பி இறங்காது. நேரம் என்றால் நேரம்தான். என் கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்ததும், ஊருக்குப் புறப்பட்ட வண்டியைப் பிடிக்க உன் அப்பாவே சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தும், அவருக்காகக்கூட நான் அதை நிறுத்தச் சொல்லவில்லை என்பது உனக்கு ஞாபகம் இருக்கும், அவர் சாகும்வரை அதை மறக்கவில்லை. அன்று நத்தம் வண்டியிலிருந்து நம் சொந்தக்காரர்கள் ஒன்பது பேர் மாலையோடு இறங்கினார்கள். சிறுமலை வண்டியில் பதினேழு பேர். யாரோ பெரிய ஆள் போய்விட்டார்போல என்று நினைத்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துக் கையைப் பிடித்து அழுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ரிடையர் ஆன பிறகும் இம்புட்டுப் பிரியமா என்று நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதைப் பார்த்து அவர்கள் மேலும் அழுதார்கள். "எந்தத் தெருவுக்குப் போகணும்?" என்று கேட்டேன். நம் தெருவைத்தான் சொன்னார்கள். வேறு யார் வீடோ என்று நினைத்து, குறுக்கு வழி வேறு காட்டி அனுப்பினேன்.

வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் பெஞ்சு போட்டு ஆண்கள் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே பெண்கள். வெள்ளிக்கிழமையும் அதுவுமாய், முகூர்த்தம் குறித்த கல்யாண வீட்டில். நடுவில், சிறுமலைக் கூட்டத்துக்குள் நான் கவனிக்காமல் விட்ட வெள்ளத்தாயக்கா முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு பாடுகிறாள்:

"வெள்ளிச் சட்ட போட்டு வந்த ராசா, நீ
விண்வெளிக்குப் போகயில சொல்லலியே ராசா!
ஏழு கோளு தாண்டி வந்த ராசா, எங்க
எடுத்துக் கட்டும் பந்தலத்தான் பாக்கலியே ராசா!"

உன் அக்காள் ஒவ்வொருத்தரிடமாய், "யாரும் சாகல, நாடகம், நாடகம்" என்று சொல்கிறாள். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நாலு பேர் அவளைப் பிடித்து உட்காரவைத்து விசிறுகிறார்கள். இன்னொரு பக்கம், தாலி ஏறாத பெண்ணுக்குக் கோடித் துணி போடலாமா கூடாதா என்று பெரிய வழக்கு. துக்க வீட்டில் அடுப்பு எரியக் கூடாதே என்று சர்புன்னிசா பெரிய சட்டியில் உப்புமா கிண்டிக் கொண்டுவந்துவிட்டார். அவருக்கு நாடகம் என்று தெரியும். "தெரியும்ணே. ஆனா இம்புட்டுப் பேரு பசியோட உக்காந்திருக்காகளே" என்றார். நியாயம்தானே?

இந்த நேரத்தில்தான் மெட்ராஸ் ரயிலில் இறங்கிய மாப்பிள்ளை, தானே புரூப் பார்த்து அச்சடித்த கல்யாணப் பத்திரிகைக் கட்டோடு நம் தெருவுக்குள் வந்திருக்கிறார். வெள்ளிப் பெயின்ட் இல்லாத முகம் ஒருவருக்கும் தெரியவில்லை. அவரோ கூட்டத்தைப் பார்த்ததும் கட்டைச் சுவரோரம் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, துண்டைத் தலையில் போட்டு, மரியாதையாக வரிசையில் கடைசி ஆளாக உட்கார்ந்துவிட்டார். நான் நாலு அடி தள்ளி நிற்கிறேன், எனக்கே அடையாளம் தெரியவில்லை. பேச்சு மட்டும் காதில் விழுந்தது.

"ஏனுங்க, யாருங்க தவறிட்டாங்க?"

பக்கத்திலிருந்த நத்தத்துப் பெரியவர் சொன்னார்: "மாப்பிள்ளப் பையன். டிவில இருந்தாப்ல. வானத்துல வெடிச்சுப் போனாப்ல."

"எப்பங்க?"

"நேத்து எட்டு மணிக்கு. அப்பு, நீங்க எந்தூரு?"

"மெட்ராஸ்ல இருந்து வாரேனுங்க."

"அதுக்குள்ள அங்கயும் தகவல் போயிருச்சா! தங்கமான பையன்ப்பா. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. ஊரக் காப்பாத்த உசுரக் குடுத்தான். இந்தக் காலத்துல எவன் குடுப்பான்?"

அப்போது உள்ளேயிருந்து ஒப்பாரியின் அடுத்த அடி வந்தது. மாப்பிள்ளை துண்டின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அது நடிப்பு இல்லை. பின்னால் என்னிடம் தனியாகச் சொன்னார்: "பத்து வருசமா நடிக்கிறேனுங்க மாமா. என்னைய பத்தி இத்தன நல்லா யாருமே சொன்னதில்லைங்க. எந்திரிக்கவே மனசு வல்லீங்க."

அவரைக் கண்டுபிடித்தது அறிவுச்செல்விதான். எல்லோருக்கும் உப்புமாத் தட்டுக் கொடுத்துக்கொண்டு வந்தவள், கடைசி ஆளின் முன்னால் நின்றாள். துண்டை விலக்கிப் பார்த்தாள்.

"சாப்டுங்க. செத்தவுகளுக்குப் பசி அதிகமா இருக்கும்" என்றாள்.

அவ்வளவுதான். நத்தத்துப் பெரியவர் பெஞ்சிலிருந்து விழுந்தார். வெள்ளத்தாயக்கா பாட்டை நிறுத்திவிட்டு ஓடிவந்து, மாப்பிள்ளையின் கன்னத்தைத் தேய்த்துப் பார்த்து, காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்த பெயின்டைக் கண்டதும் நம்பினாள்.

"ஏலே அப்பு, நீ செத்தேல்ல?"

"ஆமாங்க பெரியம்மா. வியாழக்கிழமைங்க."

"அப்ப இது?"

"அந்தக் கோள்ல ஒரு ஆளு மூணு தடவ சாகலாமுங்க. நாலாவது வாரம் ஒருக்கா, இது ரெண்டாவதுங்க. கடைசி நிமிசம் பாத்திருந்தீங்கன்னா புகைக்குள்ள விரல் அசையறது தெரிஞ்சிருக்குமுங்க."

அந்தக் கடைசி நிமிஷத்தில்தான் கரண்ட் இல்லை, அக்காள் கடைசி வண்டிக்கு ஓடிக்கொண்டிருந்தாள். செத்ததாகச் செய்தி வந்தால் ஆயுசு கெட்டி என்று பெரியவர்கள் உடனே தீர்ப்புச் சொல்லி, மாலைகளைக் கொண்டுபோய்க் கம்மாயில் போட்டு, குளித்துவிட்டு வந்து உப்புமாவைக் காலி செய்தார்கள். பந்தலுக்கு மாதிரி காட்ட அக்காள் வியாழக்கிழமை கொண்டுவந்திருந்த பழம் ஒரு தார் தீர்ந்தது. மாப்பிள்ளை ஒப்பாரியை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். சாயங்காலம் புறப்படும்போது வழக்கம்போலக் கையெடுத்து, "போயிட்டு வாரேனுங்க" என்றார். காலையில் இழவுக்கு வந்த கூட்டமல்லவா, சொல்லக் கூடாத வார்த்தையாயிற்றே என்று எல்லோரும் பதறினார்கள். வெள்ளத்தாயக்கா அவர் வாயைப் பொத்தினாள். பிறகு அவளாகவே கையை எடுத்து, "இல்ல ராசா, சொல்லு. நல்லாச் சொல்லு. போயிட்டு வாரேன்னு நூறு தடவ சொல்லு" என்று அழுதாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஏனென்று உனக்கு மட்டும் சொல்கிறேன். வியாழக்கிழமை நான் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டு வந்தபோது, அந்த அணைந்த டிவிக்கு முன்னால் அறிவுச்செல்வி மட்டும் தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "நாடகம்தானம்மா" என்றேன். "தெரியும்ப்பா" என்றாள், ஆனால் அழுகை நிற்கவில்லை. எனக்கு இருப்பது ஒரே மகள். பொய்ச் சாவுக்கே இப்படி அழுகிறவளை, வருஷத்துக்கு மூன்று தடவை சாகிற ஆளுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு நான் எப்படித் தூங்குவேன்? அவருக்குச் சினிமாவில் வாய்ப்பு வந்தால் மாதத்துக்கு மூன்று தடவை சாவார். திறமைசாலி, கட்டாயம் வாய்ப்பு வரும். தரையில் நின்று செய்கிற உத்தியோகம் பார்க்கும் ஒரு பையனாகப் பார். போஸ்டாபீஸ், பஞ்சாயத்து யூனியன், எதுவானாலும் சரி. செத்தால் ஒரே தடவை சாகிறவனாக இருக்க வேண்டும்.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் கீரனூர் போய், அவர்கள் மனம் நோகாமல் பேசி முடித்து, பதில் போடவும். உன் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. எல்லோரும் நோய் நொடி இல்லாமல், ஏறின வண்டியில் உட்கார இடம் கிடைத்து, இறங்க வேண்டிய இடத்தில் பத்திரமாக இறங்க, சிறுமலை வெள்ளிமலையான் துணை நிற்பானாக.

இப்படிக்கு,
உன் நலம் நாடும்,
மு. கருப்பணன்.

பி.கு.: இன்று புதன்கிழமை. கவரில் பசை இல்லையென்று, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டித் தரும்படி இதை அறிவுச்செல்வியிடம் கொடுத்தேன். ஒட்டாமல் நின்றுகொண்டே முழுசையும் படித்துவிட்டாள். இரண்டு இடத்தில் சிரித்தாள், ஒரு இடத்தில் மூக்கைத் துடைத்தாள். பிறகு, "ஏம்ப்பா, எட்டுப் பக்கம் எழுதியிருக்கீகளே, அவரப் பிடிக்கலைன்னு ஒரு எடத்துலகூடக் காணோமே?" என்றாள். வாங்கிப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தேன். டிரிப் ஷீட்டில் ஒரு நிமிஷத் தப்பைக்கூட விடாத கண் இது. காணோம்தான்.

ஆகவே மேலே எழுதியிருப்பதைப் படிக்காமல் விட்டுவிடவும். எட்டுப் பக்கத்தைக் கிழிக்க மனம் வராததால் அப்படியே அனுப்புகிறேன். கல்யாணம் ஆனி 23, வியாழக்கிழமை, குறித்த முகூர்த்தத்தில். குடும்பத்தோடு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட வேண்டியது. நாடகத்தின் கடைசி வாரமும் அன்றுதான், மண்டபத்தில் டிவி வைக்கிறோம். அவருக்கு இன்னும் ஒரு சாவு பாக்கி இருக்கிறது. அது அன்றைக்கா என்று கேட்டால் சொல்ல மறுக்கிறார், தொழில் ரகசியமாம். கடைசி வாரம் நீளமாம், எட்டு இருபது வரை ஓடுமாம். வெள்ளத்தாயக்கா முடிவு வரை பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதற்காக, எட்டேகால் சிறுமலை வண்டியை அன்று ஒரு நாள் மட்டும் பத்து நிமிஷம் தாமதமாக எடுக்கும்படி மிக்கேல்ராஜிடம் நானே போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியவில்லை.